நெறியாளர் ஒதுக்கப்படாததும் பாகுபாடே

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் என்றதும் தோழர்களின் நினைவுக்கு வருவது 2016 சனவரி 17, ரோகித் வெமுலாவை இழந்த நாள். அதற்கு எட்டாண்டுகள் முன்னர், 2008 பிப்ரவரியில், அதே வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட செந்தில்குமாரைத் தமிழ்நாட்டிலேயே பலர் மறந்துவிட்டனர். சேலம் மாவட்டம் ஜலகண்டபுரத்தைச் சேர்ந்த அவர், பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டிச் சமூகத்திலிருந்து இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்றவர். அவரை வெளியேற்ற வசைச்சொல் தேவைப்படவில்லை. நெறியாளரை ஒதுக்காமல் விட்டனர், அவ்வளவுதான்.

நெறியாளர் இல்லையெனில் ஆய்வுத் தலைப்பு இல்லை, ஆய்வகத்தில் இடமில்லை, உதவித்தொகைக்கு உறுதியில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அத்தொகை வீட்டின் அடுப்பெரிக்கும் பணமுமாகும். அவரது மரணத்தை ஆராய்ந்த பேராசிரியர் வினோத் பவராலா குழு, நெறியாளர் ஒதுக்கீட்டில் தெளிவான விதிமுறை இல்லாமையையும், அதனால் பாதிக்கப்பட்டோர் தலித், பழங்குடி மாணவர்களே என்பதையும் சுட்டிக்காட்டியது. நிர்வாகம் அப்போதே பாடம் கற்றிருக்கலாம்.

ரோகித்துக்கு 2015 சூலை முதல் உதவித்தொகை வரவில்லை. ஏழு மாத நிலுவை 1,75,000 ரூபாய் என்பதைத் தம் இறுதிக் கடிதத்திலும் அவர் குறித்துவைத்தார். ஒன்றிய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயாவின் கடிதம் தில்லிக்குப் பறந்தது. கல்வி அமைச்சகத்தின் நினைவூட்டல்கள் தவறாமல் வந்து சேர்ந்தன. மாணவனுக்குரிய பணம் மட்டும் வரவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐவரும் வளாகக் கடைத்தெருவில் அமைத்த கூடாரத்துக்கு ‘வெலிவாடா’ எனப் பெயரிட்டனர். ‘சேரி’ என்றே இதைத் தமிழில் பெயர்க்கிறோம். ஆனால் தெலுங்கின் ‘வெலி’ நம் ‘வெளி’தான், சேரி என்னும் சொல்லில் அந்த வெளியேற்றம் ஒலிப்பதில்லை. 2024இல் தெலங்கானா காவல்துறை, அவர் பட்டியல் சாதியினரே அல்லர் என்று வழக்கை முடித்துவைக்க அறிக்கை அளித்தது. நிலுவைக் கணக்கு பேச்சிலிருந்தே மறைந்தது.

இனவெறிக்கு எதிரான 2001 டர்பன் உலக மாநாட்டில் சாதியைச் சேர்க்க வாஜ்பாய் அரசு மறுத்தது. சாதி உள்நாட்டு விவகாரமாம்! உள்நாட்டில் என்ன செய்தோம்? பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் பாகுபாட்டுக்கு எதிரான விதிமுறைகளைக் கொணர்ந்தது. அவற்றின்படி முறையீட்டைக் கேட்கும் அலுவலரை நியமிப்பது நிர்வாகமே. குற்றம் சாட்டப்படுவதும் பெரும்பாலும் அதே நிர்வாகம்தான். அவ்விதிமுறைகள் ஏட்டளவில் நிற்பதால்தான் ரோகித்தின் தாய் ராதிகாவும், மும்பை மருத்துவர் பாயல் தத்வியின் தாய் ஆபிதாவும் 2019இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது.

நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ரோகித் முதலில் இந்திய மாணவர் சங்கத்தில் இயங்கிப் பின்னர் அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்குச் சென்றவர். ‘அடையாள அரசியல்’ என்ற ஒற்றைச் சொல்லால் அந்த விலகலைக் கடந்துபோவது நேர்மையாகாது. கட்டண உயர்வுக்கு எதிராக நாம் தெருவில் நின்ற அளவுக்கு, நெறியாளர் கிடைக்காத ஒரு மாணவனுக்காகத் துறைத் தலைவர் அறையின் முன் நின்றோமா?

நெறியாளர் ஒதுக்கீட்டைத் துறைவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக ஒவ்வொரு பருவத்திலும் வெளியிடுக. எந்த ஒழுங்கு நடவடிக்கையின் பெயராலும் உதவித்தொகையை நிறுத்தாதே. மாநாட்டுக் கோரிக்கைப் பட்டியல்களை ஆண்டுதோறும் தமிழாக்கம் செய்பவன் நான். இவ்விரு வரிகளும் அடுத்த பட்டியலில் மொழிபெயர்ப்புக்கு வரட்டும்.