நாவல் படிச்சவங்க கவனத்துக்கு

'பொன்னியின் செல்வன் படிக்காதவனுக்கு இந்தப் படத்தைப் பத்திப் பேச என்ன தகுதி?' 2022ல முதல் பாகம் வந்ததுல இருந்து வாட்ஸப்புல இதைப் பார்த்துப் பார்த்து எனக்கே பிபி ஏறுது.

'மணிரத்னம் வரலாற்றைக் கெடுத்துட்டார்'னு வேற. எந்த வரலாறு சார்? ஆதித்த கரிகாலன் கொலையைச் சொல்ற உடையார்குடி கல்வெட்டுல ரவிதாசன் இருக்கான். நந்தினி இல்ல. அவ கல்கியோட கற்பனை. கல்வெட்டு மேல கல்கி எடுத்துக்கிட்ட உரிமையைத்தான் கல்கி மேல மணிரத்னம் எடுத்துக்கிட்டார்.

மணிமேகலையையே தூக்கினதுல எனக்கும் ஆத்திரம்தான். சேந்தன் அமுதன் ரகசியத்தை விட்டதுலயும். அந்தச் சண்டையைத் தாராளமா போடலாம். படம் பார்த்து அழுதவனை 'அஞ்சு பாகமும் படிச்சியா?'ன்னு விரட்டுறது என்ன நியாயம்?

எங்க செஞ்சி தேசிங்கு ராஜாவை ஜனங்க பாட்டுலயும் கூத்துலயும்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் 1960ல எம்ஜிஆர் படத்துல. 1714ல போர்ல செத்த தேஜ் சிங்குக்காக அழறதுக்கு முன்னாடி நவாப் ஆவணம் படிச்சியான்னு யாரும் கேக்கல.

என் கிளினிக் நர்ஸ் பொண்ணு படம் பார்த்துட்டு முதல் பாகம் வாங்கியிருக்கு. இப்போ கடம்பூர் மாளிகை சதியில நிக்குது. அதுகிட்டப் போய் 'இப்பதான் படிக்கிறியா?'ன்னு யாராவது கேட்டீங்க, அடுத்த ஊசி அது கையாலதான்.