வாய் திறக்காத காவல்காரன்

ராத்திரி முழுவதும் நாய் குரைக்கவில்லை, ஆகையால் திருடன் வரவில்லை என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றும்: "ஐயா, நாய் வீட்டில்தான் இருக்கிறதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதனால், 2024-ஆம் வருஷம் ஆகஸ்ட் 31-ஆம் தேதி, சனிக்கிழமை, திருநெல்வேலி பேட்டையில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை சுமக்கிற 11 பேர் வாரக் கூலி வாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். கேட்காமல் விட்டவன் என் தங்கை மகன். பாளையங்கோட்டையில் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். நல்ல பையன், சோம்பல் இல்லாதவன். அப்படிப்பட்டவனுக்கே இது நேர்ந்தது என்பதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் விவகாரத்தில் என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. நான் எழுதுவதை அச்சுக்குப் போகுமுன் ஒருவர் படித்துப் பார்க்கிறார். 'அவன்' என்று தொடங்கிய வாக்கியம் 'போனாள்' என்று முடிந்தால் ஓரத்தில் ஒரு கோடு போடுகிறார். முதல் அத்தியாயத்தில் மீனாட்சியாக இருந்தவள் ஐந்தாம் அத்தியாயத்தில் காமாட்சியாக மாறிவிட்டால், அங்கேயும் ஒரு கோடு. புரூப் ரீடர் என்கிற அந்த மகானுபாவர் இல்லாவிட்டால் என் யோக்கியதை என்றைக்கோ வெளியாகியிருக்கும்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் அப்படி ஒருவர் உண்டு. அவரும் ஒரு புரோகிராம்தான். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் இருந்த ஸ்டீபன் ஜான்ஸன் என்பவர் 1978-இல் அந்த மாதிரிப் புரோகிராம் ஒன்றுக்கு 'லின்ட்' என்று பெயர் வைத்தார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுப் பிசிறுக்கு இங்கிலீஷில் அந்தப் பெயர். துணி கிழியவில்லை, ஆனாலும் பிசிறு இருக்கிறது, எடுத்துவிடு என்று சொல்வது அதன் வேலை.

புரோகிராம்களை எழுதுவதற்கு எடிட்டர்கள் பல இருக்கின்றன. எழுதும் பாஷைகளும் பல. 10 எடிட்டர், 10 பாஷை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே ஏற்பாடு செய்தால் 100 ஏற்பாடுகள் வேண்டும். 2016-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனியார், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய கம்பெனிகளுடன் சேர்ந்து இதற்கு ஒரு பொது முறையை வெளியிட்டார்கள். பாஷைக்கு ஒரு சர்வர். எல்லா எடிட்டர்களும் அந்த சர்வர்களோடு ஒரே விதமாகப் பேசிக்கொள்ளும். 100 ஏற்பாடு 20 ஆகிவிட்டது. நல்ல காரியம். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

இந்த சர்வரிடம் நம்முடைய இஷ்டத்தைச் சொல்லி வைக்க 'செட்டிங்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. வரி 80 எழுத்துக்கு மேல் நீண்டால் சொல். எங்கும் அறிமுகமாகாத ஒரு பெயர் திடீரென்று வந்தால் சொல். இன்ன ஃபோல்டரைப் பார்க்கவேண்டாம். இப்படிப் போகும் அந்தப் பட்டியல். காவல்காரனுக்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த உத்தரவு என்று சொல்லலாம்.

போன ஆண்டுகளில் இந்தக் காவல்காரர்களில் பலர் ஓய்வு பெற்றுப் போய், புதியவர்கள் வந்தார்கள். என் மருமகனும் 2024 ஜூலையில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். அது எந்த சர்வர் என்பது இங்கே அவசியமில்லை.

"எல்லாம் மாத்தியாச்சு மாமா. முன்னே பக்கத்துக்குப் பத்துக் கோடு காட்டும். இப்போ ஒண்ணுகூட இல்லை. சுத்தமா இருக்கு" என்றான்.

"அதுக்குள்ளே அவ்வளவு திருந்திட்டியாலே?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வேடிக்கையில் இருந்த நியாயம் இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அரிசி மண்டிக் கணக்கில் ஒரு சிறு பகுதி உண்டு. மாதக் கடைசியும் சனிக்கிழமையும் ஒரே நாளில் வந்தால் மட்டும் அது ஓடும். ஆகஸ்ட் மாதத்தில் அதைத் திருத்தியபோது ஒரு பெயரை எழுத்து மாற்றி எழுதிவிட்டான். மீனாட்சி காமாட்சியான கதைதான். பழைய சர்வர் இருந்திருந்தால் அந்தக் கணமே சிவப்புக் கோடு போட்டிருக்கும். புதியது கம்மென்று இருந்துவிட்டது. பழைய உத்தரவில் இருந்த தலைப்புகள் அதற்குத் தெரியாதவை. தெரியாததனால் எதையும் பார்க்கச் சொல்லவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது. 'எனக்கு இது விளங்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு நடுவழியில் நின்றது. யாருக்கு எத்தனை மூட்டை, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கணக்குப்பிள்ளை கையைப் பிசைந்தார். என் மருமகன் தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது ராத்திரி 11 மணி. அதற்குள் அந்த 11 பேரும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறியும் மீனும் அவர்கள் வீட்டில் எப்படி இருந்தன என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க முகம் இல்லை.

பழைய ஏற்பாட்டை மாற்றுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் தேசம் பணக்கணக்கையே மாற்றியது. 16 அணாவும் 192 தம்பிடியுமாக இருந்த ரூபாய், 100 நயா பைசா ஆயிற்று. கோடிக்கணக்கான ஜனங்கள், அவர்களில் எழுத்து வாசனை இல்லாதவர்கள் எத்தனையோ பேர். எப்படிச் செய்தார்கள்? புதிய காசு என்று தெரிவதற்காக 'நயா' என்று பெயரிலேயே சேர்த்தார்கள். ரூபாயில் நூறில் ஒரு பங்கு என்று ஹிந்தியில் அந்தக் காசின் மேலேயே பொறித்தார்கள். பழைய அணாக் காசும் புதியதோடு சேர்ந்து கொஞ்ச காலம் புழங்கியது. ஜனங்களுக்குப் பழகிய பிறகு, 1964-இல்தான் 'நயா' என்ற அடைமொழியை எடுத்தார்கள். தன் மதிப்பைத் தானே பழைய பாஷையில் சொல்லிக்கொண்டு வந்தது அந்தச் செப்புக் காசு. அந்த மரியாதை இன்றைய சர்வருக்கு ஏன் இல்லை?

கம்ப்யூட்டர் உலகத்தில் அது நடக்காத காரியமும் அல்ல. பைதான் பாஷைக்கு 'ரஃப்' என்று ஒரு லின்ட்டர் இருக்கிறது. 'ரஃப்-எல்எஸ்பி' என்ற அதன் பழைய சர்வர் பைதானில் எழுதப்பட்டது. 2024-இல் அதை ஓரம் கட்டிவிட்டு, ரஸ்ட் பாஷையில் எழுதிய புதிய சர்வரை ரஃப்புக்குள்ளேயே சேர்த்தார்கள். கூடவே ஒரு பட்டியலும் வெளியிட்டார்கள். முன்பு 'லின்ட் ஆர்க்ஸ்' என்று ஒரே சரமாக எழுதியதை இப்போது வரி நீளம் தனி, விதிகள் தனி என்று பிரித்து எழுதவேண்டும். எப்போது சோதிக்கவேண்டும் என்று சொல்லும் 'லின்ட் ரன்' இனி வேண்டாம், ஏனென்றால் புதியது ஒவ்வோர் எழுத்துக்கும் சோதிக்கிறது. இன்னின்னவை அறவே கிடையாது. ஜாவாஸ்கிரிப்டுக்கான 'ஈஎஸ்லின்ட்' 2024 ஏப்ரலில் தன் 9-ஆம் பதிப்பில் செட்டிங்ஸ் எழுதும் முறையையே மாற்றியது. பழைய ஃபைலைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தர ஒரு கருவியையும் கொடுத்தார்கள். இவர்களால் முடிகிறது. மற்றவர்களுக்கு முடியவில்லை என்றால், மனம் இல்லை என்றுதான் பொருள்.

"ஐயா, இதையெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அவர்களிடம் சண்டைக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். சித்திரை வெயிலில் ஜங்ஷன் பக்கம் தர்மத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். பந்தலை வேறு தெருவுக்கு மாற்ற அவர்களுக்குப் பாத்தியம் உண்டு. ஆனால் பழைய இடத்தில் காலிப் பானையை வைத்துவிட்டுப் போகலாமா? தர்மம் செய்கிறவருக்கும் ஒரு பலகை எழுதி வைக்கிற கடமை இருக்கிறது.

"எடிட்டர் சொல்லத்தான் செய்கிறது" என்று இன்னொரு வாதம். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டர், தனக்குத் தெரியாத செட்டிங்கைக் கொஞ்சம் மங்கலாக்கிக் காட்டும், உண்மை. ஆனால் நடுராத்திரியில் அந்த ஃபைலைத் திறந்து, எந்த வரி மங்கியிருக்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய் நயினார்குளம் வரைக்கும் வருகிறது. தலைமடையில் பலகையை மாற்றிப் போட்டவன், 'கரையில் எழுதி வைத்திருந்தேனே' என்று சொன்னால் கடைமடைக்காரனின் பயிர் பிழைக்குமா? ஆளனுப்பிச் சொல்லவேண்டும்.

முன்பெல்லாம் இது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற சமாசாரம் என்று இருந்துவிடலாம். இன்றைக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனியின் காரியாலயம் இருக்கிறது; மலையைப் பார்த்துக்கொண்டு நம் பிள்ளைகள் புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதுகிற கையும் இங்கே. அதனால் கூலி நின்றுபோகிற கையும் இங்கே.

மருமகன் பேரிலும் எனக்குக் கோபம் உண்டு. அவனுடைய செட்டிங்ஸ் ஃபைலில் 43 வரிகள் இருந்தன. "இந்த வரி எதுக்குலே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். 12 வரிகளுக்குப் பதில் சொன்னான். மற்றதெல்லாம் பழைய ஆபீஸில் ஒரு சிநேகிதனிடமிருந்து எடுத்தது. அந்தச் சிநேகிதன் யாரிடமிருந்து எடுத்தானோ! தாத்தா காலத்துப் பெட்டியைத் திறந்து பாராமலே வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டு போகிறோமே, அது போலத்தான். உள்ளே பத்திரம் இருக்கிறதா, பாச்சை இருக்கிறதா என்று குடிமாறுகிற அன்றாவது பார்க்கவேண்டாமா? இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். 19 வரிகள் மிஞ்சின. முக்கியமான விதிகளை அவனுடைய எடிட்டரிலிருந்து எடுத்து, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதி வைத்தான். அவனோடு வேலை செய்கிறவர் வேறு எடிட்டர் வைத்திருந்தாலும் அந்த விதி அவரையும் கட்டும்.

இன்னொரு பழக்கமும் இப்போது அவனிடம் வந்திருக்கிறது. சர்வரை மாற்றினாலும், அதன் புதிய பதிப்பைப் போட்டாலும், முதல் காரியமாக எங்கும் இல்லாத ஒரு பெயரை வேண்டுமென்றே எழுதுகிறான். சிவப்புக் கோடு வருகிறதா என்று பார்க்கிறான். வந்த பிறகு அதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறான். நாய் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

ஆனால் கதவைத் தட்டிப் பார்க்கிற பொறுப்பை வீட்டுக்காரன் தலையிலேயே கட்டிவிட்டுச் சர்வர் செய்கிறவர்கள் தப்பித்துக்கொள்ள நான் சம்மதிக்கமாட்டேன். அவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. புதியது செய்யுங்கள், வேகமாகச் செய்யுங்கள். உங்களுக்குப் புரியாத பழைய உத்தரவு ஒன்று வந்தால், 'இது எனக்குப் புரியவில்லை' என்று கண்ணில் படும்படி, வேலையை நிறுத்தி, உரக்கச் சொல்லுங்கள். ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பேட்டையில் 11 வீடுகளில் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருக்கும்.