வானில் நான்கு மணி, வழியில் எத்தனை?

ஏற்காட்டில் அண்மையில் ஒரு தாயார் இறைவனடி சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் இருந்தார். “காலை 6 மணிக்கு விமானம், 7.30 மணிக்குச் சென்னை” எனச் செய்தி அனுப்பினார். ஒன்றரை மணி நேரப் பயணந்தானே என்று எண்ணிய உறவினர், நண்பகல் 12 மணிக்கு நல்லடக்கம் என முடிவு செய்தனர். அவர்களோடு அமர்ந்து நாம் கணக்கை மீண்டும் பார்த்தோம்.

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்; பறக்கும் நேரம் சுமார் 4 மணி. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படுவதால், நான்கு மணிப் பயணம் ஒன்றரை மணியாகத் தோன்றிற்று.

சென்னையில் இறங்கும் நேரம் மெய்தான். ஆனால் பயணம் அங்கே முடிவதில்லையே! குடிவரவுச் சோதனைக்கும் பெட்டி பெறுதற்கும் ஒரு மணி. சேலம் வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் சாலை, ஆறு மணி. பின்னர் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேர்வராயன் மலைமீது வர மேலும் ஒரு மணி. ஆக, பிற்பகல் 3.30!

பங்குத்தந்தையிடம் கூறினோம். அடக்கத் திருப்பலி மாலை 5 மணிக்கு மாற்றப்பட்டது. 4 மணிக்கு மகன் வந்து தாயின் முகம் கண்டார்.

தொலைவில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்தாரே, விமானம் இறங்கும் நேரத்தோடு நிறுத்தாதீர்கள்; வீட்டு வாசல்வரை கணக்கிடுங்கள்.