மறுமுறைக் கதிரும் கைக்கு வராத கணக்கும்

கதிரால் ஒருமுறை அடங்கிய மூளைக்கட்டி மீண்டும் தலைதூக்கினால், "இனிக் கதிர் இல்லை" என்று வைத்தியர் கைவிரித்த காலம் உண்டு. இன்று நிலைமை அவ்வாறன்று. கிளியோபிளாஸ்ரோமா என்னும் கொடிய கட்டி மீண்ட 182 பேரைக் கொண்டு அமெரிக்கக் குழுவொன்று நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பெவசிசுமாப் மருந்தோடு பத்துத் தவணைகளில் 35 கிறே கதிரும் பெற்றோருள் 54 சதவீதத்தினர்க்கு ஆறு மாதம்வரை கட்டி வளரவில்லை. மருந்து மட்டும் பெற்றோருள் 29 சதவீதத்தினர்க்கே அந்தப் பேறு. ஆயினும் ஆயுள் நீளவில்லை. இதை மறைத்து நம்பிக்கை விற்போரை நாம் மன்னிக்கமாட்டோம். கட்டி வளராத சில மாதங்களும் ஒரு குடும்பத்துக்குப் பெரிதன்றோ!

அம்மாதங்களைப் பெறுவதற்கு முதற்கதிரின் கணக்கு வேண்டும்: எவ்விடத்தில், எத்தனை கிறே, எப்போது? முண்ணாணோ ஓரளவுக்கு மேல் பொறாதது. அளவு மிஞ்சினால், மாதங்கள் கழித்துக்கூடக் கால்கள் செயலிழக்கலாம். தெல்லிப்பழையில் முதற்கதிர் பெற்றவர் பின்னர் மகரகமைக்கோ சென்னைக்கோ செல்ல நேர்ந்தால், அங்குள்ள வைத்தியர் எதைக்கொண்டு கணக்கிடுவார்? "கரண்ட் பிடித்தார்கள்" என்னும் வாய்ச்சொல்லைக் கொண்டா?

கதிரளவுக் கணக்கு நோயாளரின் உடைமை. கெஞ்சிப் பெறும் சலுகையன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளிலேயே, அவரவர் மொழியில் எழுதிய குறிப்போடு அதனைக் கையில் கொடுக்குமாறு சுகாதார அமைச்சு எல்லா வைத்தியசாலைகளுக்கும் கட்டளையிடுதல் வேண்டும்.