இறுக்கிக் கட்டாதீர்கள்

வன்னியில் ஒருவரைப் பாம்பு கடித்தால், வாகனம் வரமுன்னரே கடிவாய்க்கு மேலே சாரத்துண்டோ கயிறோ ஏறிவிடும். கட்டினால் விஷம் ஏறாதாம்.

ஏறும். விஷத்தின் பெரும்பகுதி நிணநீர் வழியே பரவுகிறது. கயிற்றை நம்பி அதை மறிக்க முடியாது. மறித்தாலும் கேடுதான். நம் வயல்களில் திரியும் முத்திரைப் புடையனின் விஷம் தசையையும் சிதைக்கும். சிறுநீர் கறுத்துப் போவது அதனால்தான். அந்த விஷத்தைக் காலிலேயே தேக்கி வைத்து யாருக்கு என்ன லாபம்?

“கொஞ்ச நேரந்தானே, பிறகு அவிழ்த்தால் சரி” என்பார்கள். எல்லாவற்றிலும் பிழையான பேச்சு இதுதான். இரத்தம் நின்ற தசைக்கு, இரத்தம் திரும்பும்போது இன்னொரு அடி விழுகிறது. ஆய்வாளர்களான கிரேஞ்சரும் மெக்கோர்டும் 1981இல் பூனைக் குடலில் இதைக் காட்டினார்கள். எலியின் பின்னங்காலைக் கட்டி அவிழ்த்தபோதும், வெட்டிய காலை வேறோர் எலிக்குப் பொருத்தியபோதும் தசையில் இதே கேடு தெரிந்தது. பட்டினி கிடந்த கலத்தில் ஹைப்போசாந்தீன் என்ற பொருள் சேர்ந்திருக்கும். ஒட்சிசன் வந்ததும் அதிலிருந்து சுப்பரொக்சைட்டு என்ற ஒட்சியேற்றும் பொருள் பிறந்து கலமென்சவ்வைத் தாக்கும். தசை வீங்கும், பொற்றாசியமும் மயோகுளோபினும் இரத்தத்தில் கலந்து இருதயத்தையும் சிறுநீரகத்தையும் வருத்தும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் பட்டி கட்டினால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தை எல்லையாக வைத்து நேரம் பார்க்கிறார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் யார் மணி பார்ப்பது?

ஒட்சியேற்ற எதிரிக் குளிசை இதைச் சரிக்கட்டும் என்ற நினைப்பும் வேண்டாம். முன்கூட்டியே விற்றமின் ஈ கொடுத்து எலித்தசையின் சேதத்தைக் குறைத்த ஆய்வுகள் உண்டு. ஆனால் எலியின் காலை எப்போது கட்டுவதென்று ஆய்வாளர் முன்கூட்டியே அறிவார். பாம்பு நாள் குறித்து வருவதில்லை.

கட்டித் தப்பினவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். விஷமில்லாத பாம்பும், விஷம் இறக்காத கடியும் நிறைய. பெயர் மட்டும் கயிற்றுக்கு.

யுத்த காலத்தில் கட்டித்தானே உயிர் காத்தோம் என்பவர்களுக்கு: அது பீறிட்ட இரத்தத்தை நிறுத்த. கால் போனாலும் உயிர் மிஞ்சட்டும் என்ற கணக்கு அங்கே சரி. இங்கே அது பொருந்தாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியும் இறுக்கிக் கட்டுவதை விலக்குகிறது. மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ, கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். விஷமுறிவு மருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு வைத்தியரே அவிழ்க்கட்டும்.