வாத நோயாளியும் தடுப்பூசியும்: மறைக்காமல் சொல்வோம்

செங்கல்பட்டு என்னும் பெயர் உலக மருத்துவ நூல்களில் இடம்பெறக் காரணம் ஒரு தடுப்பூசி. 1968ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி குறித்த பெரும் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 2,60,000 பேர் அதில் பங்கேற்றனர். 15 ஆண்டுகள் கண்காணித்தபின், பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து அது காக்கவில்லை என்பது தெரியவந்தது. ஆயினும் பச்சிளங் குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து காப்பதால், பிறந்தவுடன் இன்றும் அது இடப்படுகிறது. ஒரே தடுப்பூசி எல்லோருக்கும் ஒரே பலனைத் தராது என்பது நம் மண் தந்த பாடம்.

இப்பாடத்தை நாம் இன்று நினைவுகூர வேண்டியது, முடக்குவாதம், லூப்பஸ் போன்ற நோய்களால் அவதியுறும் நம் வீட்டாருக்காக. இந்நோய்களில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குகிறது. பெண்களே இவற்றுக்கு அதிகம் ஆளாகின்றனர். லூப்பஸ் நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அந்தத் தாக்குதலை அடக்கும் மாத்திரைகளும் ஊசிகளும் எதிர்ப்பாற்றலையும் குறைப்பதால், நிமோனியா போன்ற தொற்றுகள் இவர்களை எளிதில் வீழ்த்துகின்றன.

கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்கரை ஊர்களிலும் செங்கல்பட்டு நகரிலும் நம்மவரிடையே இரு பேச்சுகள் உலவுகின்றன. "ஊசி போட்டால் மூட்டுவலி கூடிவிடும், வேண்டாம்" என்பது ஒன்று. "நோயைச் சொன்னால் உம்ரா பயணம் தடைப்படும்; சொல்லாமல் போட்டுக்கொள்வோம்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது நம் கருத்து.

ரமளான் நோன்பு நம் அனைவர்மீதும் கடமை. ஆயினும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. அந்தச் சலுகையைப் பெற, நோயாளி தன் நிலையை அறிந்தவராகவும் அதைச் சொல்பவராகவும் இருக்க வேண்டும். தடுப்பூசியும் அப்படித்தான்.

தடுப்பூசிகளில் இரு வகை உண்டு. கிருமியைக் கொன்றோ அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்தோ செய்யப்படுபவை ஒரு வகை. இன்ஃபுளுவென்சா ஊசி, நிமோனியா ஊசி, ஹஜ், உம்ரா செல்வோருக்குக் கட்டாயமான மூளைக்காய்ச்சல் ஊசி ஆகியவை இவ்வகையின. இவை வாத நோயாளிகளுக்கும் ஏற்றவை. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தருபவை மற்றொரு வகை. பிசிஜி, தட்டம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவை இதில் அடங்கும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்வோர் பொதுவாக இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஹஜ் பயணிகளுக்கான முகாம்களில் போலியோ சொட்டு மருந்தும் தரப்படுவதுண்டு. வரிசையில் நின்று வாய்திறக்கும் முன், "நான் இன்ன மருந்து சாப்பிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போலியோவுக்கு உயிரற்ற கிருமியால் ஆன ஊசியும் உண்டு.

காலமும் முக்கியம். ரிட்டுக்ஸிமாப் ஊசி ஏற்றிய சில மாதங்களுக்குத் தடுப்பூசியின் பலன் மிகக் குறைவு; ஆகவே சிகிச்சைக்கு முன்பே திட்டமிட வேண்டும். நோய் அடங்கியிருந்தால், இன்ஃபுளுவென்சா ஊசிக்குப்பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவைக்க மருத்துவர் சொல்லக்கூடும். நாமாக எதையும் நிறுத்தலாகாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கெனத் தனித்துறையே உள்ளது. பயணத்திற்குச் சில மாதங்கள் முன்பே சென்று கேட்பது நலம்.

கருவுற்றிருக்கும் நம் சகோதரியரின் செய்தியும் இதில் உண்டு. கர்ப்பத்தின் பிற்பாதியில் அடாலிமுமாப், இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற ஊசிகளைப் பெற்ற தாயின் மருந்து குழந்தையின் உடலிலும் சில மாதங்கள் தங்கும். அக்குழந்தைக்குப் பிறந்தவுடன் பிசிஜி இடுவது ஆபத்தாகலாம்; குறைந்தது ஆறு மாதம் தள்ளிவைப்பதே மருத்துவ அறிவுரை. பிரசவ அறையில் இதைச் சொல்ல வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும்தாம். மருமகளின் நோயை ஊராரிடம் மறைக்க விரும்புவோர், மருத்துவரிடமும் மறைத்துக் குழந்தையைப் பணயம் வைக்க வேண்டாம்.

நோயாளியைச் சுற்றியுள்ள நமக்கும் பொறுப்பு உண்டு. வீட்டிலுள்ள நலமானவர்கள் ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா ஊசி போட்டுக்கொண்டால், நோயுற்ற தாய்க்கு அது ஓர் அரண். பேரக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து தருமுன், வீட்டிலுள்ள நோயாளியைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்; சொட்டு மருந்து தந்தால், அதன்பின் சில வாரங்கள் குழந்தையின் மலத்துணி மாற்றும் வேலையை மட்டும் வேறொருவர் ஏற்றுக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவட்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்தபின் இறைவன்மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. நம் உடல் இறைவன் தந்த அமானிதம். அதன் நிலையை உரியவரிடம் ஒளிக்காமல் சொல்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே. நோயுற்றோர் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் நலம் அருள்வானாக! ஆமீன்.