சுப்ரபாதமும் ‘ஸ்மார்ட் ஸ்பீக்க’ரும்

வைகறையில் சுப்ரபாதம் கேட்க ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ வாங்க எண்ணும் பெரியோர், எம்.எஸ். அம்மையாரின் குரலையும் நாதஸ்வரத்தையும் கடையிலேயே ஒலிக்கச் செய்து கேட்டல் நலம். முதுமையில் உச்ச ஒலிகள் செவிக்கு மங்கும். ஆதலின் அதிரும் ‘பாஸ்’ ஒலியைவிடச் சொல்தெளிவே முக்கியம்.

அமேசான் எக்கோ, கூகுள் நெஸ்ட் இரண்டுக்கும் வைஃபை வேண்டும். ஆப்பிள் ஹோம்பாடை அமைக்க ஐபோனோ ஐபேடோ தேவை. வெளிநாட்டு மகன் அன்போடு அனுப்பினாலும், வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் இருப்பின் அது அலமாரிக்கே அணி. அலெக்ஸாவிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேச வேண்டும். தமிழன்றி வேறறியாத பாட்டி அதன்முன் ஊமையாகிறார், இது பெருங்குறை.

கள்ளக்குறிச்சி நகரில் இணையம் உண்டு. கல்வராயன் மலையில் அலைவரிசை எட்டாத சிற்றூருக்கு, 5000 பாடல்களை உள்ளடக்கிய சரிகம கார்வான் தமிழ்ப் பதிப்பே பொருந்தும். அதற்கு இணையம் வேண்டா. பொத்தானை அழுத்தினால் பாடும்.